அடிமுடுக்கியும் இடிதுரப்பணமும்: மின்கலத் தாக்குக் கருவிகளின் அமைப்பும் பெயரும்

முன்னுரை

ஒரு மொழியின் வளத்தினை அளக்கப் புகுவார் பெரும்பாலும் அதன் காப்பியங்களையும் இலக்கணங்களையுமே நோக்குவர். அம்மொழி பேசும் தச்சரும் கொல்லரும் கல்தச்சரும் தம் கையிலுள்ள கருவிக்கும், அதன் உறுப்புக்கும், அவ்வுறுப்பின் தொழிலுக்கும் என்ன பெயர் வழங்குகின்றனர் என நோக்குவார் மிகச் சிலரே. கருவிப் பெயர் தெளிவாயின் தொழிலும் தெளிவாம். பெயர் மயங்கின் தொழிலும் மயங்கும். இவ்வுண்மைக்கு இந்நாளில் எல்லார் கண்முன்னும் நிற்கும் சான்று, மின்கலத்தால் இயங்கும் சுழல் தாக்குக் கருவியாகும்.

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் இரும்புக் கடைகளில், கைத்துப்பாக்கி வடிவினதாய் அடியில் மின்கலப் பெட்டி செருகப்பெற்ற கருவிகள் இன்று வரிசையாக வைக்கப்பெற்றுள்ளன. புறத்தோற்றத்தில் இவை உடன்பிறந்தன போலக் காணப்படும். அகவமைப்பிலோ மூன்று வேறு இனங்கள் இவற்றுள் உள. மக்கள் வழக்கில் மூன்றும் பெரும்பாலும் 'டிரில்லிங் மிஷின்' என்னும் ஒரே பெயர் பெறுகின்றன. அதனால் திருகாணிக்கென அமைந்த கருவி கல்லிலே செலுத்தப்படுகின்றது. கல்லுக்கென அமைந்த கருவி பழைய சுண்ணாம்புச் சுவரிலே செலுத்தப்படுகின்றது. முன்னதால் கருவி கெடும். பின்னதால் சுவர் கெடும். கருவியை மீண்டும் வாங்கலாம். சுவரோ எனின் மீளாது.

ஆகலின் இம்மூன்றன் வேறுபாட்டினையும், சிறப்பாக முதலாவதன் அகவமைப்பினையும் விளக்கி, அவற்றிற்குப் பொருந்தும் தமிழ்ப்பெயர் இவை எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துர என்னும் வேர்

செலுத்துதல், ஓட்டுதல், எய்தல், முடுக்குதல் ஆகிய பொருள்களைத் தரும் பழந்தமிழ் வினை 'துர' என்பது. ஆணியை மரத்துள் இறக்குதலும் இதனுள் அடங்கும். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் உறுப்புக்களை வருணிக்கின்றார். ஆண்டுத் துளையின் வாய் தூருமாறு முடுக்கப்பெற்ற ஆணியைச் சுட்டுதற்குத் 'துரப்பு' என்னும் சொல்லை ஆள்கின்றார். அவ்வாணிக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணை உவமையாக்குகின்றார். நடவு முடிந்த வயலின் வரப்பில், வளையினின்றும் எட்டிப் பார்க்கும் நண்டினைக் கண்டார்க்கு இவ்வுவமையின் நுட்பம் உரையின்றியே விளங்கும். துளையை நிறைத்து, மரத்தின் மேல் சிறிதே புடைத்து நிற்கும் ஆணித்தலை அத்தகையதே.

இனி, குடைதற்பொருளும் இவ்வேரின்கண் உண்டு. நிலப்பத்திரங்களிலும் பேச்சு வழக்கிலும் 'கிணறு துரவு' என இணைத்துக் கூறப்பெறும் துரவு என்பது நிலத்தைக் குடைந்து அமைத்த கிணற்றின் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, துரப்பணம், தமர் ஆகியவற்றைத் துளையிடும் கருவியின் பெயர்களாகக் காட்டுகின்றது. எனவே ஆணியை உள்ளே செலுத்துதலும், பொருளைக் குடைந்து துளை செய்தலும் ஆகிய இரு தொழிலும் தமிழில் ஒரு வேரினின்றும் கிளைத்தன எனக் கொள்ளுதல் பொருந்தும். இற்றை நாளிற் கடையில் விற்கும் கருவிகளும் இவ்விரு தொழிலையே செய்கின்றன. வேர் ஒன்றாயினும், தொழில் வேறுபடுமிடத்துப் பெயரும் வேறுபடுதல் வேண்டும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இடித்தலும் சுழற்றலும்

கையினாற் செய்யும் தொழிற்கருவிகளின் இயக்கத்தை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று இடித்தல், மற்றொன்று சுழற்றல். நெற்குத்தும் உலக்கை இடித்தலுக்குச் சான்று. திருகையும் செக்கும் சுழற்றலுக்குச் சான்று. காவிரி நாட்டு இல்லங்களில் இவ்விரண்டும் நெடுங்காலம் அருகருகே இருந்தன. உமியை நீக்குதற்கு இடித்தல் வேண்டும். பயற்றை உடைத்தற்குத் திருகை வேண்டும். பொருளின் இயல்பே இயக்கத்தை உறுதி செய்கின்றது.

துளையிடுதற்கும் இவ்விதி ஒக்கும். மரம் நாருடையது, அதனை அறுத்தல் வேண்டும். ஆகலின் தச்சர் துரப்பணத்தின் தண்டிற் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் கயிற்றை மாறி மாறி இழுத்துச் சுழற்றினர். ஈண்டு அடி என்பது இல்லை. ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தாற் செய்யப்பெறும் நாகசுரத்தின் உட்குழல் கடைந்தும் குடைந்தும் அமைக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அக்கருவியின் குழலை அடித்துத் துளைத்தால் மரம் பிளக்கும், நாதமும் போம்.

கருங்கல் இதற்கு மாறானது. அது வலியது, எனினும் நொறுங்கும் இயல்பினது. அறுத்தற்கு இணங்காத கல் அடிக்கு நொறுங்கும். ஆகலின் கல்தச்சர் உளியை அடிப்பர், சிறிது திருப்புவர், மீண்டும் அடிப்பர். திருப்புதல் ஏன் எனின், திருப்பாது அடிப்பின் உளிமுனை முன்னைய வடுவிலேயே விழும். பொடி அடைத்து உளி சிக்கும். ஒவ்வோர் அடிக்கும் சிறிது திருப்பின், முனை புதிய இடத்தைத் தாக்கும், துளையும் வட்டமாகும். அடியும் சுழற்சியும் சேர்ந்த இம்முறையே இற்றைக் கல் துளைக்கும் பொறிகளுக்கெல்லாம் அடிப்படை. தஞ்சைச் சமவெளி வண்டல் நிலம். ஈண்டுப் பாறை இல்லை. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரிய கோயிலுக்குரிய கருங்கல் முழுவதும் வெளியினின்றே கொணரப்பட்டது. வரிசையாகக் குழியிட்டு ஆப்பு இறுக்கிப் பாறையைப் பிளக்கும் கைத்தொழிலின் பின்னரே அக்கற்கள் கோயிலாயின.

மூவகைக் கருவிகள்

மேற்கூறிய அடிப்படையிற் கடையிலுள்ள மூன்று கருவிகளையும் வகுத்துக் காண்பாம். அடி எத்திசையில் விழுகின்றது என்பதே இவற்றைப் பிரித்தறியும் உரைகல்லாகும்.

முதலாவது, திருகாணியையும் மரையாணியையும் முடுக்கும் கருவி. கடைத்தெருவில் 'இம்பாக்ட்' எனப்படுவது இதுவே. இதன்கண் அடி சுழலும் திசையிலேயே விழும். அஃதாவது, சுற்றுகின்ற ஒருவனைப் பின்னின்று மேலும் சுற்றுமாறு தட்டுதல் போல்வது. முனையை முன்னோக்கிக் குத்தும் அடி இதன்கண் இல்லை.

இரண்டாவது, துளைக்கும் பொழுது முனை முன்னும் பின்னும் அதிருமாறு அமைந்தது. இதனுள் பற்களையுடைய இரு வட்டுக்கள் முகத்தோடு முகம் பொருந்தியிருக்கும். ஒன்று நிலைத்து நிற்க, மற்றொன்று அதன் பற்களின் மேல் ஏறி இறங்கிச் சுழலும். வட்டிற்கு 20 பல் எனவும், சுழற்சி நிமிடத்திற்கு 1,500 எனவும் கொள்ளின், நிமிடத்திற்கு 30,000 அதிர்வுகள் உண்டாம். அடி மிகப் பல. ஒவ்வொன்றும் மிகச் சிறிது. பயன்படுத்துவோர் தம் கையால் அழுத்தினாலன்றி அதிர்வு பயன்படாது. செங்கற்சுவருக்கு இது போதும், கற்காரைக்குப் போதாது.

மூன்றாவது, கல்லையும் கற்காரையையும் துளைப்பது. இதனுள் ஓர் உருளையும், அதனுள் ஓடும் உந்துதண்டும், அதன் முன்னே தனித்து நிற்கும் இரும்புக் குண்டமும் உள. இரும்பு இரும்பைத் தொடாது. இடையே காற்று அடைபட்டிருக்கும். சாய்ந்து பொருத்தப்பெற்ற வட்டு ஒன்று மோட்டாரின் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றி உந்துதண்டினை இயக்கும். உந்துதண்டு முன்செல்லக் காற்று நெருங்கிக் குண்டத்தை எறியும். பின்செல்லக் குண்டம் ஈர்க்கப்பெறும். சிறுவர் மூங்கிற் குழலின் இருமுனையிலும் காயை அடைத்து, ஒன்றைக் குச்சியால் தள்ள மற்றொன்று வெடித்துப் பறக்கும் விளையாட்டின் தத்துவமே இது. குண்டம் துளைமுனையின் பின்புறத்தைத் தாக்கும். முனையோ மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். கல்தச்சரின் 'அடி, திருப்பு, அடி' என்னும் முறை ஈண்டு ஒரு கைப்பொறியினுள் அடங்கியது.

அளவு கூறின் விளக்கம் மிகும். 2.5 கிலோ எடையுள்ள உலக்கை 0.6 மீட்டர் உயரத்தினின்றும் தானே விழுமாயின், அதன் அடியின் ஆற்றல் ஏறத்தாழ 15 ஜூல். சிறிய கல்துளைக் கருவியின் ஓர் அடி 2 ஜூல் அளவினது. உலக்கையின் ஓர் அடிக்கு இதன் ஏழு அடிகளே ஈடாம். எனினும் நிமிடத்திற்கு 4,500 எனக் கொள்ளின், நொடிக்கு 75 அடி விழும். உலக்கையின் வலிமை எடையில் உளது. இதன் வலிமை விரைவில் உளது.

முறுக்கும் கருவியின் அகவமைப்பு

இனி முதலாவது கருவியின் உட்புறத்தினைப் பின்னிருந்து முன்னாக நோக்குவாம்.

பின்கோடியில் மோட்டார் உள்ளது. பழைய மோட்டார்களிற் கரிக்கட்டைகள் உராய்ந்து மின்னோட்டத்தைச் செலுத்தின. அவை தேயும், பொறி பறக்கும். இற்றை நல்ல கருவிகளிற் கரிக்கட்டை இல்லை. நடுவே காந்தம் சுழலும். சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள்கள் நிலைத்திருக்கும். காந்தத்தின் நிலையை அறிந்து மின்னணு அமைப்பு உரிய சுருளுக்கு உரிய நேரத்தில் மின்னோட்டத்தைத் திறந்து விடும்.

மோட்டார் மிக விரைவாகச் சுழலும். ஆனால் அதன் முறுக்கு வலி குறைவு. ஆதலின் அடுத்து ஒரு பற்சக்கரத் தொகுதி அமைக்கப்பெற்றுள்ளது. நடுவே ஞாயிறு போல ஒரு சிறு சக்கரமும், அதனைச் சூழ்ந்து கோள்கள் போல இரண்டு அல்லது மூன்று சக்கரங்களும், வெளியே ஒரு பல்வளையமும் இருக்கும். சுழற்சி குறையும், குறைந்த அளவிற்கு முறுக்கு வலி கூடும்.

இத்தொகுதியினின்றும் முன்னோக்கி ஒரு தண்டு நீளும். நூற்கும் கருவியின் தண்டிற்குத் தமிழில் 'கதிர்' என்னும் பெயருண்மையின், இதனையும் கதிர் என்னலாம். கதிரின் புறத்தே, ஏரின் கொழுமுனை போல இருபுறமும் சரிந்து ஒரு முனையிற் கூடும் பள்ளங்கள் வெட்டப்பெற்றிருக்கும். அப்பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் இருக்கும்.

கதிரின் மேல், நடுவே துளையுடைய கனத்த எஃகு வட்டு ஒன்று கோக்கப்பெற்றிருக்கும். இதுவே சம்மட்டி. இதன் உட்புறத்தும் எஃகுக் குண்டுகளுக்கு ஏற்ற பள்ளங்கள் உள. ஒரு வலிய சுருள்வில் சம்மட்டியைப் பின்னிருந்து முன்னோக்கித் தள்ளிக் கொண்டே இருக்கும். சம்மட்டியின் முகத்தில் இரண்டு பற்கள் புடைத்து நிற்கும்.

சம்மட்டிக்கு முன்னே இருப்பது பட்டடை. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லின் பெயர் இது. திருக்குறளிற் கூடாநட்பு அதிகாரத்தின் முதற் குறள், உள்ளன்பில்லாதார் நட்பிற்கு உவமையாக இப்பொருளையே எடுத்தாள்கின்றது. தாங்குவது போல நின்று அடி படுதற்குத் துணையாவது பட்டடை. நம் கருவியின் பட்டடைக்கு இருபுறமும் இரண்டு காதுகள் உள. அதன் முன்முனையில் அறுகோணத் துளை ஒன்று உண்டு. 6.35 மில்லிமீட்டர் அளவுள்ள திருப்புமுனை அதனுள் செருகப்படும்.

இனி இயக்கம். திருகாணி எளிதாக இறங்கும் வரை, சம்மட்டியின் பல் பட்டடையின் காதினைத் தள்ளிக்கொண்டு செல்லும். இரண்டும் சேர்ந்தே சுழலும். அடி என்பது நிகழாது. ஆணி இறுகி எதிர்க்கத் தொடங்கியதும் பட்டடை தயங்கும். பல் காதில் முட்டி நிற்றலின் சம்மட்டியும் தயங்கும். கதிரோ நில்லாது சுழலும். அப்பொழுது எஃகுக் குண்டுகள் சாய்ந்த பள்ளத்தின் வழியே ஓடிச் சம்மட்டியைப் பின்னுக்கு இழுக்கும், சுருள்வில் அமுங்கும். சம்மட்டி போதிய அளவு பின்வாங்கியதும் பல் காதினை விட்டு நீங்கும். தடை நீங்கவே அமுங்கிய வில் விரிந்து, சம்மட்டியை முன்னே எறியும். பள்ளம் சாய்ந்திருத்தலின் அது முன்னேறுங்கால் கதிரினும் விரைந்து சுழலும். அவ்விரைவோடு அடுத்த காதின் மேல் மோதும். ஆணி சிறிது முடுகும். மீண்டும் தயக்கம், பின்வாங்கல், எறிதல், மோதல். இவ்வாறு நிமிடத்திற்கு மூவாயிரம் முதல் நாலாயிரம் அடி வரை விழும்.

சேற்றிற் புதைந்த வண்டிச் சக்கரத்தை இதற்கு ஒப்பிடலாம். ஒரே சீராகத் தள்ளினால் நகராத சக்கரம், சிறிது பின்னே விட்டு ஒருங்கே உந்தினால் மேடேறும். பின்வாங்குதல் தோல்வியன்று, அடுத்த அடிக்குரிய இடத்தையும் விரைவையும் தேடுதலே ஆம்.

கை திரும்பாமையின் காரணம்

இக்கருவியை முதன்முறை கையாள்வோர் வியப்பது ஒன்றுண்டு. மிகக் கடிய மரையாணியை இது முடுக்கும் பொழுதும் கை முறுக்கிக் கொள்வதில்லை. இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

மோட்டாரும் பற்சக்கரமும் சேர்ந்து தரும் முறுக்கு 8 நியூட்டன் மீட்டர் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 3,000 அடியாயின், ஓர் அடிக்கும் மற்றோர் அடிக்கும் இடையே 20 மில்லிநொடி உண்டு. அக்கால முழுவதும் மோட்டார் சம்மட்டியிலும் வில்லிலும் ஆற்றலைச் சேர்க்கின்றது. மோதலோ 1 மில்லிநொடியில் முடிகின்றது எனக் கொள்வோம். இருபது பங்கு காலத்திற் சேர்ந்தது ஒரு பங்கு காலத்தில் வெளிப்படுதலின், பட்டடையின் மேல் விழும் முறுக்கு ஏறத்தாழ 160 ஆகும். ஆனால் அம்மோதல் சம்மட்டிக்கும் பட்டடைக்கும் இடையிலேயே நிகழ்ந்து முடிகின்றது. கருவியின் கூடும் கையும் தாங்குவது மோட்டாரின் 8 மட்டுமே. கைப்பிடி 15 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், கை தாங்கும் விசை ஏறத்தாழ 5.4 கிலோ எடையளவு. 160 முழுவதும் கைக்கு வருமாயின் அது 109 கிலோ எடையளவாகும், மணிக்கட்டு முறியும்.

சாதாரணத் துளைக்கருவியில் இப்பாதுகாப்பு இல்லை. துளைமுனை கம்பியிற் சிக்கி நின்றவுடன் மோட்டாரின் வலி முழுவதும் கைக்குத் திரும்பும். ஏணிமேல் நின்று வேலை செய்வாரை இது கீழே தள்ளுதலும் உண்டு. பக்கக் கைப்பிடியைக் கழற்றி எறிதல் கூடாது என்பதன் காரணம் இதுவே.

மின்கல அடுக்கு

கருவியின் அடியிற் செருகப்பெறும் பெட்டியில் இலித்தியம் அயனி மின்கலங்கள் உள. ஒரு கலத்தின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். நிறைய மின்னேற்றிய பொழுது ஒரு கலம் 4.2 வரை உயர்தலின், ஐந்தும் சேர்ந்து 21 வரை செல்லும். சில பெட்டிகளில் 18 எனவும், சிலவற்றில் 20 எனவும் அச்சிடப்பெற்றிருப்பது கண்டு, பின்னது வலியது என மயங்குவார் உளர். இரண்டும் ஐந்து கல அடுக்கே. ஒன்று இயல்பு நிலையையும், மற்றொன்று உச்ச நிலையையும் சுட்டுகின்றது. இதுவும் பெயரால் வந்த மயக்கமே.

18 வோல்ட், 5 ஆம்பியர் மணி கொண்ட பெட்டியின் ஆற்றல் 90 வாட் மணி. அஃதாவது 3,24,000 ஜூல். இழப்பினை நீக்கிக் கணக்கிட்டால், மேற்கூறிய உலக்கையின் 21,600 அடிக்கு இஃது ஈடாம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் இத்துணை ஆற்றல் அடங்குதலின், அதனைப் போற்றுதலும் வேண்டும். இத்தகைய கலங்களை 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றுதல் தகாது. சித்திரை வைகாசி வெயிலிற் பூட்டிய வண்டியினுள் வைத்த பெட்டி அவ்வெல்லையை எளிதிற் கடக்கும். ஆறவிட்டு ஏற்றுதலே முறை.

வரலாற்றுச் சுருக்கம்

செருமனியில் ஃபைன் நிறுவனத்தார் 1895ஆம் ஆண்டில் மின்சாரக் கைத்துரப்பணம் செய்தனர். 1932ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தார் அடியும் சுழற்சியும் சேர்ந்த மின்கருவியை வெளியிட்டனர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் கம்பியின்றி மின்கலத்தால் இயங்கும் துரப்பணம் கொணர்ந்தனர். 1971ஆம் ஆண்டில் அப்பல்லோ 15இற் சென்ற வானவெளி வீரர்கள், மின்கலத்தால் இயங்கும் சுழல் தாக்குத் துரப்பணம் கொண்டு நிலவின் மண்ணைக் குடைந்தனர். இலித்தியம் அயனிக் கலத்தை 1991ஆம் ஆண்டிற் சோனி நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே, இக்கருவிகள் எடை குறைந்து வலி மிகுந்தன. அக்கலத்தின் ஆய்வுக்காகக் குடினஃப், விட்டிங்காம், யோசினோ ஆகிய மூவர் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

பயனும் வரம்பும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையிற் கசா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புக்கள் அழிந்தன, கூரைகள் பறந்தன, பல ஊர்களிற் பல நாள் மின்சாரம் இல்லை. கூரைத் தகட்டினை இரும்புச் சட்டத்தில் மீண்டும் பொருத்துதற்குத் திருகாணி முடுக்குதல் வேண்டும். கம்பியுள்ள கருவி அந்நாளிற் பயனற்றது. மின்கலக் கருவி ஆடம்பரப் பொருளன்று, கடலோர நாட்டிற்குத் தேவைப் பொருளே என்பதற்கு இவ்வொரு நிலையே போதிய சான்றாகும். அறுவடைப் பொறியின் மரையாணி வயலின் நடுவே தளர்ந்த பொழுதும், சேற்றுழவுக்கு இழுவை வண்டியின் இரும்புச் சக்கரத்தை மாட்டும் பொழுதும் இதன் பயன் புலனாகும்.

வரம்பும் கூறுதல் வேண்டும். முறுக்கும் கருவி எத்துணை இறுக்கிற்று என்பதைக் காட்டாது. அளவறிந்து இறுக்க வேண்டிய பொறியுறுப்புக்களை அளவுகாட்டும் முறுக்குச் சாவியால் முடித்தல் வேண்டும். மெல்லிய பித்தளைத் திருகாணியின் கழுத்து இதனால் முறியும். கல் துளைக்கும் கருவியால் எழும் பொடியிற் சிலிக்கா உண்டு. அது நுரையீரலிற் படிந்து மீளாத நோயை விளைக்கும். ஆகலின் மூக்கையும் வாயையும் மறைக்கும் தக்க முகமூடி இன்றியமையாதது. நாள் முழுவதும் அதிர்வைத் தாங்கும் விரல்கள் குருதியோட்டம் குன்றி வெளுத்து மரத்தலும் உண்டு.

இவற்றினும் பெரிய வரம்பு பழமையைப் பற்றியது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியிற் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எசு. கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அத்தகைய சுண்ணாம்புப் பூச்சு, கல்லோடு ஒட்டி நிற்பது மெல்லிய பிடிப்பினாலேயே. நொடிக்கு 75 முறை அதிரும் கருவி ஒரு விளக்கு மாட்டுதற்காகச் சுவரிற் பதியுமாயின், துளையிட்ட இடத்திற்கு அப்பாலும் பூச்சு கழலக்கூடும். கல்வெட்டின் மேல் விழும் துளையோ ஒரு சொல்லை, ஒரு பெயரை, ஒரு நில எல்லையை அழித்துவிடும். காக்கப்பெற்ற சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் காவலாக உள்ளது. ஆயினும் சட்டத்தின் பட்டியலிற் சேராத சிற்றூர்க் கோயில்களும், சத்திரங்களும், பழைய மனைகளும் காவிரிக் கரை நெடுக உள. அவற்றிற்குக் காவல் கருவி பிடிப்பாரின் அறிவே. அவ்வறிவு அவர்தம் மொழியிற் சென்று சேர்தல் வேண்டும்.

பெயரிடும் முறை

கலைச்சொல் ஆக்கத்தில் தமிழர் முயற்சி சிறிதன்று. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், 1981ஆம் ஆண்டில் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் அதற்குச் சான்றாம். எனினும் அறிவியற் கருத்துக்குச் சொல் காணுதல் வேறு. கைக்கருவிக்குச் சொல் காணுதல் வேறு. முன்னது நூலகத்திற் பிறக்கலாம். பின்னது பட்டறையிற் பிறத்தல் வேண்டும்.

மேலே கூறிய விளக்கத்தில் சம்மட்டி, பட்டடை, பல், காது, கதிர், சுருள்வில் என்பனவற்றுள் எதுவும் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. கருவி புதிது; உறுப்பின் தொழில் பழையது. ஆகலின் பழஞ்சொற்களே அதனை முற்றிலும் விளக்கின. இம்முறையையே கருவிப் பெயர்க்கும் கொள்ளலாம்.

ஆணியை இறுக்குதலை இந்நாட்டுத் தொழிலாளர் 'முடுக்கு' என்றே கூறுவர். யாழின் ஆணிக்குரிய துரப்பு என்னும் சொல்லின் பொருளும் அதுவே. ஆகலின் முதற்கருவியை 'அடிமுடுக்கி' என்னலாம். துளைத்தல் இதன் தொழிலன்மையின் துரப்பணம் என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது. இரண்டாவதனை 'அதிர்துரப்பணம்' என்றும், மூன்றாவதனை 'இடிதுரப்பணம்' என்றும் கூறலாம். முன்மொழி அடியின் இயல்பையும், பின்மொழி செய்யும் தொழிலையும் உணர்த்துதலின், பெயரைக் கேட்ட அளவிலேயே எதனை எதற்கு எடுப்பது என்பது விளங்கும். அடிமுடுக்கியைக் கல்லுக்கு எடுப்பார் இரார். இடிதுரப்பணத்தைச் சுண்ணாம்புச் சுவருக்கு எடுக்குமுன் ஒருமுறை எண்ணுவர்.

கடைத்தெரு வழக்கை ஒழித்துவிட இயலுமோ எனின், ஒழித்தல் நம் நோக்கமன்று. ஆணையால் எச்சொல்லும் நிலைபெறாது. பேருந்து என்னும் சொல் எளிமையால் நிலைத்தது. மிதிவண்டி எழுத்தில் நிலைத்தும் பேச்சிற் சைக்கிளுக்கு இடம் விட்டது. இவற்றுள் எவ்வழியில் நம் சொற்கள் செல்லும் என்பதனைத் தீர்ப்பவர் பயன்படுத்துவோரே. தொழிற்பயிற்சி நிலையங்களிற் பயிலும் இளைஞர்க்கு உறுப்பின் பெயரும் தொழிலும் ஒருங்கே விளங்குமாறு சொல்லித் தருதல் ஆசிரியர் கடன்.

முடிவுரை

அடியின் திசையே இம்மூன்று கருவிகளையும் பிரிக்கின்றது. சுழலும் திசையில் அடிப்பது முடுக்கும். முன்னோக்கி அடிப்பது துளைக்கும். பின்வாங்கிச் சேர்த்த ஆற்றலை ஒரு கணத்தில் வெளிப்படுத்துதலே சிறு மோட்டார் பெருவலி காட்டுதற்குக் காரணம். இவ்விரண்டு உண்மையும் உலக்கையும் உளியும் அறிந்தார்க்குப் புதியன அல்ல.

தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. தச்சர், கொல்லர், கல்தச்சர், பொறி பழுதுபார்ப்போர் ஆகியோரிடத்து வழங்கும் கருவிச் சொற்களை, ஊரும் தொழிலும் குறித்து, கருவியை நேரிற் கண்டு தொகுத்தல் வேண்டும். ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பட்டறைக்குச் சென்று ஒரு கருவியின் உறுப்புக்களை அதனை ஆள்வார் வாய்மொழியிலேயே பெயர் கேட்டு எழுதி வரின், சில ஆண்டுகளில் ஒரு பேரகராதிக்குரிய செல்வம் சேரும். முதிய தொழிலாளர் பலர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் கை ஓயுமுன் அப்பணியைத் தொடங்குதல் நலம்.